வெள்ளீய ரெசிஸ்ட்: காத்திருந்த வேஃபரில் கோடு தடிப்பது ஏன்?

படலம்20 (கேள்வி):
சிப் செய்யும் வேஃபரில் (சிலிக்கான் தகடு) ஆர்கனோடின் ரெசிஸ்ட், அதாவது ஒளிபட்டால் கரைதிறன் மாறும் வெள்ளீயக் கரிமப் படலம், 20 நா.மீ. (நானோமீட்டர்) தடிமன். இ.யு.வி.யில் (13.5 நா.மீ. அதிபுற ஊதா ஒளி) 32 நா.மீ. பிட்ச் கோடுகள்; பிட்ச் என்பது ஒரு கோட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை உள்ள தூரம். கோட்டிங்குக்குப் பின் 100 டிகிரியில் 60 நொடி பேக் (சூடேற்றல்). ஒளி பாய்ச்சும் எக்ஸ்போஷருக்குப் பிந்தைய பேக், அதாவது பி.இ.பி., 180 டிகிரியில் 60 நொடி. டெவலப்பர், அதாவது வேண்டாத படலத்தைக் கரைத்தெடுக்கும் திரவம், 2-ஹெப்டனோனும் அசிட்டிக் அமிலமும். டோஸ் (பாய்ச்சும் ஒளியின் அளவு), ஃபோகஸ் எதுவும் மாறவில்லை. ஆனாலும் பி.இ.பி.க்குக் காத்திருந்த வேஃபர்களில் கோடு தடித்து, அடுத்தடுத்த கோடுகள் ஒட்டிக்கொண்டு இடையில் பாலம் விழுகிறது. டோஸைக் குறைத்தால் பாலம் குறைகிறது, கோடு அறுகிறது. எங்கிருந்து பிடிப்பது?

ஒளித்துகள்:
முதலில் டோஸை விட்டுவிடுங்கள். 13.5 நா.மீ. ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 92 எலக்ட்ரான் வோல்ட். செ.மீ.² ஒன்றுக்கு 30 மில்லிஜூல் கொடுத்தாலும் சதுர நானோமீட்டரில் விழுவது சுமார் 20 ஃபோட்டான்தான். உட்கவர் கெழு (படலம் ஒளியை விழுங்கும் வீதம்) மைக்ரானுக்கு 5 என்றால் (கரிம ரெசிஸ்ட்கள் ஏறக்குறைய அப்படி) 20 நா.மீ. படலம் அதில் இரண்டைத்தான் பிடிக்கும். வெள்ளீய ரெசிஸ்டுக்குக் கெழு 20 அளவில் இருப்பதால் ஆறேழு பிடிபடும். அத்தனை கொஞ்சம்! டோஸைக் குறைத்தால் இதுவும் சுருங்கி, இடத்துக்கு இடம் எண்ணிக்கை ஏறி இறங்கும். கோடு அறுவது அதனால்தான்.

ஈயவேதி:
டோஸ் பற்றிச் சொன்னது சரி. ஆனால் தடிப்புக்குக் காரணம் எக்ஸ்போஷர் முடிந்த பிறகு நடப்பது. ஃபோட்டானால் கிளம்பும் எலக்ட்ரான்கள் வெள்ளீயம்-கார்பன் பிணைப்பை அறுத்து, பியூட்டைல் தொகுதியைக் கழற்றிவிடுகின்றன. வெறுமையான வெள்ளீயம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ராக்சில் பெறுகிறது. பி.இ.பி.யில் ஹைட்ராக்சில்கள் இணைந்து, நீர் போய், வெள்ளீயம்-ஆக்சிஜன்-வெள்ளீயம் வலையாகிறது. கரையாமல் நிற்பது அந்த வலைதான். வேஃபர் காற்றில் காத்திருக்கும்போதும் இது நிற்பதில்லை. நெகட்டிவ் டோன் (ஒளிபட்ட இடம் கரையாமல் மிஞ்சும் வகை) என்பதால் கூடுதல் வினை முழுக்கக் கோட்டின் அகலத்தில் வந்து சேரும். கார்பன் டைஆக்சைடையும் படலம் உறிஞ்சும், அதுவும் கரைதலை மாற்றும்.

ஆகவே காத்திருப்பு நேரத்தை எல்லா வேஃபருக்கும் ஒன்றாக்குங்கள். ஹாட் பிளேட் மூடிக்குள் வரும் காற்றின் ஈரப்பதத்தையும் ஓட்டத்தையும் கட்டுங்கள். அறையின் ஈரப்பத அளவை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், மூடிக்குள் நிலைமை வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

பாலத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். எக்ஸ்போஸ் செய்யாத வேஃபர்களை 150 முதல் 200 டிகிரி வரை பத்துப் பத்தாக பேக் செய்து, டெவலப் செய்து, எலிப்சோமீட்டரில் மிச்சத் தடிமனை அளந்து பாருங்கள். வெப்பம் மட்டுமே வலை பின்னத் தொடங்கும் இடம் அதில் தெரிந்துவிடும்.

படலம்20:
பார்த்தாயிற்று. 160 வரை எதுவும் மிஞ்சவில்லை. 170இல் லேசான படிவு, 180இல் கண்கூடாக. 160க்கு இறக்கலாமா?

ஈயவேதி:
இறக்குங்கள். கோடு மெலியும், அதற்கேற்ப டோஸைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். இந்த இடத்தில் ஏற்றுவது சரி, ஃபோட்டான் கணக்கும் மேம்படும். படிவு போகட்டும் என்று டெவலப்பரில் அமிலத்தைக் கூட்டினால் கோட்டின் அடியும் அரிபட்டுச் சாயும்.

விளிம்பு:
ஒன்று விட்டுப்போனது. இது உலோகம், வேஃபரின் விளிம்பும் முதுகும் சுத்தமாக இருந்தாக வேண்டும். கோட்டிங்குக்குப் பின் மட்டுமல்ல, டெவலப்புக்குப் பின்னும் அமிலம் கலந்த கரைப்பானால் கழுவி, எச்ச வெள்ளீயத்தை ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பாருங்கள். செ.மீ.² ஒன்றுக்கு 1000 கோடி அணு என்ற அளவை இலக்காக வைக்கலாம். எட்ச் சேம்பரிலும் (பிளாஸ்மாவால் வேஃபரைச் செதுக்கும் அறை) கவனம் தேவை: ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் வெள்ளீயம் ஹைட்ரைடாகக் கிளம்பி, சுவரில் சிதைந்து மறுபடி உலோகமாகப் படியும். அடுத்து அதே சேம்பருக்குள் போகும் வேஃபர் அதை வாங்கிக்கொள்ளும். குளோரின் படியோடு ஒரு சுத்திகரிப்பு ரெசிப்பியை இடையில் வையுங்கள்.