"மண்ணில்" என்று தொடங்கும் சரணத்துக்கு எதுகை தேடுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். மெட்டுக்குப் பாட்டெழுதப் பழகி வருகிறேன். இப்போது எழுதும் சரணம் "மண்ணில்" என்று தொடங்குகிறது. அடுத்த வரிகளுக்குக் கண்ணில், விண்ணில், பெண்ணில் ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன. வரியின் கடைசியில் வந்தேன், நின்றேன், சொன்னேன் என்று அடுக்கினால் பாட்டு வெறுமையாக ஒலிக்கிறது. எதுகைச் சொற்களைத் தொகுத்துத் தரும் அகராதி தமிழில் உண்டா?

மறுமொழி 1:
நீங்கள் "இல்" என்ற உருபையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் வழி அடைபட்டிருக்கிறது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றி, முதலெழுத்து அளவில் ஒத்திருந்தால் போதும். வண்ணம், திண்ணை, கிண்ணம், எண்ணெய், பண்ணை, தண்ணீர் எல்லாம் உங்களுக்கு உரியவை. நண்பன், வண்டு, தொண்டை ஆகியவையும் இலக்கணப்படி பொருந்தும் என்றாலும், காதுக்கு "ண்ண" என்ற இரட்டிப்பே இனிக்கும். வீணை, நாணல் போன்றவை நெடிலில் தொடங்குவதால் சேரா.

வரிக் கடைசியில் வெறும் விகுதி ஒன்றுவது தானாக நேர்வது. அதில் கவிஞரின் உழைப்பு இல்லை. அலைந்தேன், கலைந்தேன், தொலைந்தேன் என்று வினைப்பகுதியிலேயே ஒலி ஒன்றும்போதுதான் இயைபு, அதாவது வரிக் கடைசி ஒலியின் ஒற்றுமை, உயிர்பெறும்.

மறுமொழி 2:
அகராதி உண்டு. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் தொடையகராதி எதுகை தேடுவோருக்கென்றே அமைந்தது. அதற்கும் முற்பட்ட செய்யுள் வடிவச் சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதியும் சொற்களை எதுகை வரிசையில்தான் தருகிறது. வழக்கொழிந்த சொற்கள் இரண்டிலும் நிறைய வரும். அவற்றைப் பாட்டில் திணிக்காமல், மறந்துபோன நல்ல சொற்களை நினைவூட்டிக்கொள்ளப் பயன்படுத்துங்கள்.

கணினியில் சொற்பட்டியல் வைத்துத் தேடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகள் தனித்தனியே பதிவாவதால், "திண்ணை" என்ற சொல்லில் இரண்டாவதாக இருப்பது "ண்" அன்று, இகரக் குறி. முதலில் சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்துக்கொண்டால்தான் தேடல் சரியாக அமையும்.

மறுமொழி 3:
மெட்டுக்கு எழுதுவதால் அசையையும், அதாவது சொல்லின் ஒலித்துண்டுகளையும் பாருங்கள். "மண்ணில்" என்பது நேர், நேர் என்று பிரியும் தேமா. திண்ணை, வண்ணம், தண்ணீர் ஆகியவையும் அப்படியே என்பதால் அதே இடத்தில் உட்காரும். "வெண்ணிலா" நேர், நிரை என்று பிரியும் கூவிளம் என்பதால் இரண்டாம் அசை நீண்டு தாளத்தை இடிக்கலாம்.

சொல் கிடைத்ததும் அது எந்தக் காட்சியைக் கூட்டிவருகிறது என்று பாருங்கள்:

மண்ணில் ஈரம் வற்றும் முன்னே
திண்ணை தேடித் தும்பி கூடும்

"விண்ணில்" என்று எழுதியிருந்தால் இந்த வீடும் தும்பியும் வந்திருக்கமாட்டா. முதல் வரியில் ம, வ என்பவையும் இரண்டாம் வரியில் தி, தே என்பவையும் முதலெழுத்து ஒத்தொலிக்கும் மோனையாக அமைந்திருப்பதையும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பிறகு கிண்ணம், பண்ணை இரண்டையும் வைத்து அடுத்த இரு வரிகளை எழுதி இங்கே இடுங்கள், சேர்ந்து திருத்துவோம்.