புதுப்பிப்பு: நாக்கு வடிவ உலோகத் துண்டு, ஆங்கிலோ-சாக்சன் வார்முனை

இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் வயலொன்றில், உரிமையாளரின் அனுமதியோடு உலோகங்காணும் கருவியால் தேடியபோது கிடைத்த, சுமார் 4 செ.மீ. நீளமுள்ள செம்புக் கலவைத் துண்டு என்னவென்று படத்தோடு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அது வார்முனை, அதாவது இடைவார் போன்ற வாரின் நுனியில் பொருத்தும் உலோகத் துண்டு; நார்மானியர் வருகைக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களுடையது.

ரோமானியக் குதிரைச் சேணத்தின் தொங்கணி என்ற என் ஊகம் தவறு. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னவரின் யோசனையே முடிச்சை அவிழ்த்தது. தேய்மானம் என்று நான் ஒதுக்கிய இரு சிறு மேடுகளும் காதுகளாகி, குறுகிய நுனி மேலிருந்து நோக்கிய விலங்கு முகமாகத் தெரிந்தது. எதிர்முனை இரண்டாகப் பிளந்து இரு ரிவெட் துளைகளோடு இருக்கிறது. வாரின் நுனியை அப்பிளவில் செருகி ஆணியடித்திருக்கிறார்கள்.

தொல்பொருள் பதிவு அலுவலர் இதை 9ஆம் நூற்றாண்டு வார்முனை என உறுதிசெய்தார். பக்கங்கள் வெளிப்புறம் வளைந்திருப்பதாலும் நுனியில் விலங்குத் தலை இருப்பதாலும் தொல்லியலாளர் கேபர் தாமஸ் வார்முனைகளுக்கு வகுத்த வகைப்பாட்டில் இது ‘ஏ’ வகை. பக்கங்கள் இணையாக ஓடியிருந்தால் ‘பி’ ஆகியிருக்கும். நடுக்கட்டத்தில் உடலை முறுக்கி நிற்கும் சிறு விலங்கு, ட்ரெவிடில் எனப்படும் 9ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் அலங்காரப் பாணியைச் சேர்ந்தது. கார்ன்வாலின் ட்ரெவிடிலில் 1774இல் கிடைத்த வெள்ளிப் புதையலால் வந்த பெயர் அது.

எதிர்பாராதது ஒன்று: பிளவுக்குள் அப்பியிருந்த மண்ணில் நூலிழைகள் இருந்தன. ஆகவே வார் தோலன்று, நெய்த பட்டையாக இருக்கலாம். துண்டைச் சுத்தம்செய்ய வினிகரில் ஊறவைக்கச் சொன்ன யோசனையை, சோம்பலால்தான் என்றாலும், நான் பின்பற்றாதது நல்லதாயிற்று. வெள்ளியாக இருந்திருந்தால் இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அறிவித்திருக்க வேண்டும். இதைக் கண்டெடுத்த இடத்தோடு பதிவுசெய்ததே போதுமானதாக இருந்தது.