புதுப்பிப்பு: கலாநிதிப் பட்ட விண்ணப்பம், இரண்டாம் முயற்சி

ஆறு மாதங்களுக்கு முன், முதல் வகுப்புச் சித்தி இருந்தும் எனது கலாநிதிப் பட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதென்று ஹற்றனிலிருந்து மனம் நொந்து எழுதியிருந்தேன். இப்போது முடிவு மாறியிருப்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

புள்ளிகள் வாசல்வரைதான் கொண்டுசெல்கின்றன. உள்ளே எடைபோடப்படுவது ஆய்வு முன்மொழிவும், அதை வழிநடத்த இசையும் மேற்பார்வையாளரும்தான். முதல் தடவை எந்தப் பேராசிரியரிடமும் பேசாமலே "மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மண்ணரிப்பு" என்று ஒரு மாவட்டத்தையே விழுங்கும் தலைப்பை அனுப்பியிருந்தேன். இம்முறை ஒரே தோட்டத்தின் இரண்டு சரிவுகள், இரண்டு பருவமழைகள் என்று சுருக்கினேன்.

நேர்முகத்தில் என் சான்றிதழ்க் கோவையை எவரும் திறக்கவில்லை. மாதிரி சேகரிப்புப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டமிட்ட மூத்த உறுப்பினர், "மழை பொய்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டு, அதிலேயே இருபது நிமிடம் நின்றார். (பதிலின் பாதி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த அனுபவத்திலிருந்து வந்தது.) பரிந்துரைக் கடிதங்களில், என்னுடன் களத்தில் நின்றவர் எழுதியதே பேசப்பட்டது, பதவியால் பெரியவரின் கடிதம் பேச்சிலேயே வரவில்லை.

கிடைத்திருப்பது நேரடிக் கலாநிதிப் பதிவு அன்று. பட்டங்களை மட்டங்களாகத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 11ஆம் மட்டமான முதுதத்துவமாணி (MPhil) ஆய்வுப் பட்டத்துக்கான பதிவு. முன்னேற்றம் திருப்தியானால் 12ஆம் மட்டமான கலாநிதிக்கு உயர்த்தக் கோரலாம். ஆய்வுப் பட்டமே இல்லாத எனக்கு இது நியாயமாகவே படுகிறது. மண் சேகரிக்கும் தகரத் தொட்டிகளுக்கு நேற்றுச் சொல்லிவைத்தேன்.