ஹிப் பெல்ட்: இடுப்புப் பட்டையா, ஒக்கலைப் பட்டையா?

கோயம்புத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். மலையேற்றப் பயிற்சிக்குச் செல்லும் கல்லூரி மாணவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். பதினைந்து கிலோ சுமையைப் பல நாள் தூக்கி நடக்க எப்படிப்பட்ட முதுகுப்பை வேண்டும் என்று சொல்லும் இயலில், ஹிப் பெல்ட் (பையின் எடையை இடுப்பில் தாங்கும் பட்டை), லோட் லிஃப்டர் (பையின் மேல்விளிம்பை இழுத்துப் பிடிக்கும் சிறு வார்) ஆகிய இரண்டு சொற்களைத் தாண்ட முடியவில்லை. தோளில் மாட்டுவதைத் 'தோள்வார்' என்று எழுதிவிட்டேன். 'தோள்பட்டை' என்றால் உடலுறுப்பாகிவிடும்.

'இடுப்புப் பட்டை' என்று எழுதிய வரைவை மாணவர்களிடம் கொடுத்துப் பையை மாட்டச் சொன்னேன். பெரும்பாலோர் தொப்புளுக்கு நேராக வயிற்றில் இறுக்கினார்கள். அங்கே இறுக்கினால் மூச்சு முட்டும், சுமையும் தோளை விட்டு இறங்காது. பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் தட்டுப்படும் எலும்பின் மேல்விளிம்பைப் பட்டை கவ்விப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் எடையின் பெரும்பகுதி கால்களுக்குப் போகும். இடத்தைத் தவறாமல் காட்டும் சொல் வேண்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஐயா, இடத்தை ஏன் தேடுகிறீர்கள்? செயலைச் சொல்லும் சொல் நம்மிடம் இருக்கிறது: சுமைதாங்கி. பழைய சாலையோரங்களில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் யார் துணையுமின்றிச் சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை வைத்தார்கள். தன் சுமையை இறக்காமலே போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். தோளின் பாரத்தை வாங்கிக்கொள்ளும் பட்டைக்குச் 'சுமைதாங்கிப் பட்டை' என்பதே தகும்.

சென்னை, உடற்கல்வி ஆசிரியர்:

ஐயாவின் சொல் அருமையானது. ஆனால் சுமையைத் தாங்குவது பட்டை மட்டுமன்று. உள்ளே பையை நிமிர்த்திப் பிடிக்கும் சட்டம் (ஃபிரேம்) இல்லாவிட்டால் எவ்வளவு தடித்த பட்டை இருந்தும் பயனில்லை. பை நடுவில் மடங்கித் தோளிலேயே தொங்கும். கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி 1952இல் விற்கத் தொடங்கிய பைகள் பேர் வாங்கியதற்கு அலுமினியச் சட்டமும் பட்டையும் சேர்ந்து வேலை செய்தது காரணம். 1967இல் கிரெக் லோ அந்தச் சட்டத்தைப் பையின் உள்ளேயே கொண்டுபோனார். சுமைதாங்கி என்ற பெயரைச் சட்டத்துக்குக் கொடுங்கள், ஏற்கிறேன்.

கடைக்குப் போகும் மாணவனுக்கு உதவுவதாக இருக்க வேண்டும் நம் சொல். பையின் லிட்டர் கணக்கைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து, இரு கைகளையும் இடுப்பெலும்பில் ஊன்றினால் கட்டைவிரல்கள் முதுகில் சந்திக்கும் கோடுவரை அளக்க வேண்டும். ஆறடி உயரமுள்ளவனுக்குக் குட்டை முதுகு இருக்கலாம். இதை 'முதுகளவு' என்று எழுதுங்கள்.

திருநெல்வேலி, கல்லூரி ஆய்வாளர்:

அந்த எலும்பு விளிம்புக்குத் தமிழில் பெயர் உண்டு. பிள்ளையைத் தூக்கி எங்கே வைத்துக்கொள்கிறோம்? ஒக்கலையில். வயிற்றில் யாரும் பிள்ளையை வைப்பதில்லை. எலும்பு மேடு எங்கே தாங்குமோ அங்கேதான் வைக்கிறார்கள். 'ஒக்கலைப் பட்டை' என்று எழுதினால் அதைத் தொப்புளில் கட்ட யாருக்கும் தோன்றாது. மலையாளத்தில் இன்றும் பிள்ளையை 'ஒக்கத்து' வைப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்ல சொல். ஒக்கல் என்றே கொண்டால் 'ஒக்கற்பட்டை' என்று புணரும், லகரம் றகரமாகும். ஆனால் 'தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல்' என்ற குறளில் ஒக்கல் சுற்றத்தார் அல்லவா? ஒத்து வாழ்பவர் ஒக்கல். உடலோடு ஒட்டி அமர்த்தும் இடமும் அதே வேரில் பிறந்தது என்பது என் எண்ணம். ஒன்று, ஒப்பு, ஒட்டு, ஒடுங்கு என்று அந்த ஒகர வேரைத் தொடர்ந்தால்...

(வேர்ச்சொல் ஆராய்ச்சி இங்கே நான்கு மடல்கள் நீண்டது. இடுப்பைக் குறிக்கும் மருங்குல், நுசுப்பு, அரை எல்லாம் வந்தன. 'அரைப்பட்டை' என்றால் பாதிப் பட்டை என்று படிப்பார்கள் என ஒருவர் மறுத்தார். அல்குல் என்ற சொல் எழுந்ததும், மாணவர் கையேட்டுக்கு அது வேண்டாம் என்று மட்டுறுத்துநர் நிறுத்தினார்.)

ஹட்டன், தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை:

இங்கே இலங்கைத் தோட்டங்களில் எங்கள் அம்மாமார் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் காவியவர்கள். நேபாளச் சுமையாளர்களின் 'நாம்லோ'வும் தலைப்பட்டைதான். அங்கே எடை கழுத்து வழியாக இறங்குகிறது. இடுப்பு தாங்குவதுதான் சிறப்பு என்று எழுதும்போது அவர்களையும் ஒரு வரியில் நினையுங்கள். எங்களிடம் 'காவுதல்' இன்றும் பேச்சில் இருக்கிறது, 'காவுபை' என்று எழுதலாமே. ஒக்கலை எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது.

சென்னை, உடற்கல்வி ஆசிரியர்:

என் மாணவர்களுக்கும் விளங்காது. விளங்காத சொல்லுக்குப் பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டும் என்றால், அந்த விளக்கத்தையே சொல்லாக்கலாம்: 'இடுப்பெலும்புப் பட்டை'. நீளம்தான். ஆனால் எங்கே கட்டுவது என்று கேள்வி வராது.

திருநெல்வேலி, கல்லூரி ஆய்வாளர்:

விளங்காது என்று ஒதுக்கினால் எந்தச் சொல் விளங்கும்? 'கணினி' வந்தபோது யாருக்கு விளங்கியது? 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்கிறது தொல்காப்பியம்: காலத்துக்கு ஏற்ப வரும் சொல்லை விலக்க வேண்டியதில்லை. புதுச்சொல்லுக்கே இடம் தரும் இலக்கணம் பழஞ்சொல்லைத் தள்ளுமா?

கோயம்புத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. இன்று புதன். அடுத்தது லோட் லிஃப்டர். தோள்வாரின் உச்சியிலிருந்து பையின் மேல்விளிம்புக்கு ஏறத்தாழ 45 பாகைச் சரிவில் போகும் சிறு வார் இது. இறுக்கினால் பையின் தலை முதுகோடு சேரும், தளர்த்தினால் பின்னால் சாய்ந்து நம்மை இழுக்கும். பெயரில்தான் தூக்குதல் இருக்கிறது, வேலை இழுப்பது. 'சுமைதூக்கி' என்றால் மனிதரைக் குறிக்கும். 'இழுவார்' என்று வினைத்தொகையாக எழுதலாமா?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கூடாது. தொழுவார், அழுவார் போல வினையாலணையும் பெயராகப் படிப்பார்கள். தவிர, வார் என்பது தோல். நைலானை வார் என்று எப்படிச் சொல்வது?

ஹட்டன், தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை:

பட்டை மரத்தினது ஐயா. நைலான் மரமும் அல்லவே. இரண்டும் பொருள் விரிந்த சொற்கள். ரப்பர்ச் செருப்புக்கும் வார்தானே இருக்கிறது?

கோயம்புத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு. அச்சுக்குப் போவது இது: முதுகுப்பை, முதுகளவு, உட்சட்டம், தோள்வார், இடுப்பெலும்புப் பட்டை. நான் கேட்டவர்களில் அதிகம் பேர் இந்தக் கடைசிச் சொல்லுக்கு இசைந்தார்கள். துணி நூலின் பருமனைச் சொல்லும் டெனியரை அப்படியே விட்டேன். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே அது. அலகுக்குப் பெயர் மாற்றினால் கடையில் கேட்க முடியாது. லோட் லிஃப்டருக்கு 'மேல்வார்' என்று போட்டுப் படத்தில் அம்புக்குறி இட்டிருக்கிறேன். நிறைவில்லை, மறுபதிப்புக்குள் நல்ல சொல் கிடைத்தால் மாற்றுவேன். நாம்லோவுக்கும் கொழுந்துக் கூடைக்கும் ஒரு பத்தி சேர்த்துவிட்டேன், அம்மா.

திருநெல்வேலி, கல்லூரி ஆய்வாளர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. சொல்லடைவில் 'இடுப்பெலும்புப் பட்டை. ஒக்கலைப் பட்டை என்றும் கூறலாம்' என்று ஒரு வரி சேர்க்க இடமிருக்கிறதா? நாளைக் காலைக்குள் தெரிவியுங்கள்.