கரிசல் ஊரில் கழிவுநீர்: உறிஞ்சு குழியா, கல்வாழைப் படுகையா?

கரிசல்காட்டான்: விருதுநகர் பக்கம் எங்கள் ஊர். சுமார் 1,800 பேர். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் தெருவாய்க்கால் வழியே ஊருணியில் விழுகிறது. அடுத்த கிராமசபையில் வீட்டுக்கு ஓர் உறிஞ்சு குழி என்று தீர்மானம் வருகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கரிசல் மண் நனைந்ததும் உப்பி அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் குழி நிரம்பி வாசலில் நிற்கும். ஊருக்கு வெளியே ஜல்லி பரப்பி, கல்வாழை நட்டு, அதன் வழியே தண்ணீரை விடுவதுதான் சரி.

மேலத்தெரு: அண்ணே, இடம் யார் தருவார்? வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்குத் தினம் 55 லிட்டர். அதில் 70 சதவீதம் கழிவாக வந்தாலே உங்கள் ஊருக்கு நாளுக்கு 70,000 லிட்டர் கிட்ட. படுகைக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் 45 சென்ட் வேண்டும். பணமோ, தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் 5,000 பேர் வரை உள்ள ஊருக்கு இந்தக் கழிவுநீர் வேலைக்காக ஆளுக்கு 280 ரூபாய். மொத்தம் 5 லட்சம் சொச்சம். படுகை வரை வாய்க்கால் இழுக்கவே அது போதாது. மகாராஷ்டிரத்தில் நாந்தேட் மாவட்டத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு குழி போட்டு, தெருவில் தண்ணீர் ஓடுவதையே நிறுத்தினார்கள். அதுவும் கரிசல் பூமிதான்.

கரிசல்காட்டான்: அந்தப் பக்கம் பல இடங்களில் கரிசலுக்குக் கீழே சீக்கிரமே முரம்பு, அதாவது சரளை மண், வந்துவிடும், தண்ணீர் அதில் இறங்கும். இங்கே கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள், களி எவ்வளவு ஆழம் போகிறது என்று.

பழைய ஓவர்சியர்: ஏன் ஊகத்தில் சண்டை போடுகிறீர்கள்? தெருவுக்கு ஒரு குழி தோண்டி, இராத்திரி முழுக்க தண்ணீரில் ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி ஊற்றிப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்காத தெருவில் உறிஞ்சு குழி வேண்டாம். ஒரே ஊரில் ஒரு தெரு உறிஞ்சும், இன்னொன்று உறிஞ்சாது.

அப்புறம் தம்பி, அந்த வாய்க்காலில் குளியல் தண்ணீர் மட்டும்தான் ஓடுகிறதா? எத்தனை வீட்டு செப்டிக் டேங்க் குழாய் அதில் திறந்திருக்கிறது?

கரிசல்காட்டான்: கீழத்தெருவில் பாதி வீடுகள் இருக்கும். அதற்காகவே படுகை வேண்டும் என்கிறேன்.

பழைய ஓவர்சியர்: இல்லை, அதை முதலில் பிரிக்க வேண்டும். நீங்கள் சொல்கிற படுகை சோப்புத் தண்ணீர் கணக்குக்குப் போட்டது. மலக்கழிவு கலந்தால் அளவே மாறும், ஜல்லியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கிருமி முழுசாகப் போகாது. அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சவும் முடியாது. மண் உறிஞ்சுகிற இடத்தில், குடிநீர்க் கிணறு பக்கத்தில் இல்லையென்றால், ஒரு குழி நிரம்பினால் மற்றதுக்குத் திருப்பிவிடுகிற இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு மாறலாம். களிமண் தெருவில் டேங்க்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்கணும், வெளியே வரும் தண்ணீருக்குத் தனி ஏற்பாடும் வேண்டும். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம்.

மேலத்தெரு: லாரி அள்ளியதை எங்கே கொட்டும்? செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி பேரூராட்சி மாதிரி கசடு சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அதே ஊருணிக்கரையில்தான். குழி என்றால் அவரவர் வீட்டுக் குழியை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். படுகைக்கு முன்னால் எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் தேங்குகிற தொட்டியை யார் அள்ளுவது? ஊராட்சியில் தூய்மைக் காவலர் எத்தனை பேர், அண்ணே?

கரிசல்காட்டான்: இரண்டு பேர். அவர்களுக்குக் குப்பை வாங்கவே நேரம் சரியாக இருக்கிறது. கிராமசபையில் மூன்றாவது ஆளுக்குச் சம்பளம் எந்த நிதியில் என்பதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். மண் சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு தெருவில் குழி தோண்டுகிறோம், நீங்களும் வாங்க.