நாய்ஸ் கேட்: வாயிலா, படலையா, மடையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பதிவு செய்த டிரம்ஸை ஹெவி மெட்டல் பாட்டுக்கு மிக்ஸ் செய்வது பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: நாய்ஸ் கேட். ஒலி ஒரு மட்டத்தைத் தாண்டினால் மட்டும் தடத்தைத் திறந்துவிட்டு, மற்ற நேரம் அடைத்து வைக்கும் கருவி. அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறேன். ஐயா 'வாயில்' என்றார். இலங்கை நண்பர், தங்கள் பாடநூலில் கணினிச் சுற்றின் லாஜிக் கேட்டைத் 'தர்க்கப் படலை' என்று படித்த பழக்கத்தில் 'ஒலிப்படலை' என்றார்; படலை என்றால் அங்கே வேலிக் கதவு. தம்பி, "கேட்டுன்னே விட்டுடுங்க அண்ணா" என்றார். எனக்கு 'மடை' சரியாகப் படுகிறது.

கையில் இருக்கும் தடத்தையே சொல்கிறேன். ஃப்ளோர் டாமுக்கு, அதாவது தரையில் நிற்கும் பெரிய டிரம்முக்கு, வைத்த மைக். நாலரை நிமிடப் பாட்டில் அந்த டாம் அடிபடுவது பதினைந்து, இருபது தடவைதான். மிச்ச நேரமெல்லாம் அந்த மைக்கில் விழுவது பக்கத்துக் கிராஷ் சிம்பல். தாழ்ந்த கூரை உள்ள அறை, ஆகவே கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து இறங்குகிறது. இதைக் 'கசிவு' என்று சொல்வதில் நமக்குள் தகராறு இல்லை.

அதே கிராஷ், டிரம்ஸுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்கிலும் பதிவாகிறது. இரண்டு மைக்குக்கும் சிம்பலிலிருந்து உள்ள தூரம் அரை மீட்டர் வித்தியாசப்பட்டால், ஒலி ஏறக்குறைய ஒன்றரை மில்லிசெகண்ட் முன்பின்னாக வந்து சேரும். இரண்டு தடத்தையும் கூட்டும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்; சிம்பல் தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்கும். மெட்டல் பாட்டில் டாம் இடி மாதிரி விழ வேண்டும் என்று சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸரை இறுக்கினால் கசிவும் கூடவே ஏறிவிடும். அதனால்தான் டாம் அடிக்கும் நேரம் மட்டும் தடத்தைத் திறந்து, மற்ற நேரம் அடைத்து வைக்கிறோம்.

இனி சொல்லுக்கு வருகிறேன். வாயில் என்பது திறப்பு, ஐயா. அது அடைவதில்லை, அடைவது அதிலுள்ள கதவு. படலை அந்த வகையில் நெருங்கி வருகிறது, சொல்லும் அழகு. ஆனால் தர்க்கப் படலையில் பழகியவருக்கு 0, 1 என்ற இரண்டே நிலைதான் மனதில் வரும். நம் கருவி அப்படியில்லை. டாம் தடத்தை முழுக்க மௌனமாக்கினால் ஒவ்வொரு அடியிலும் சிம்பலின் நிறம் சட்டென்று மாறி, வெட்டி ஒட்டியது தெரிந்துவிடும். 12 டெசிபல் மட்டும் குறைத்தால் கசிவின் அலைவீச்சு கால் பங்காகிவிடும், காதும் உறுத்தாது. மடையை முழுக்கவும் அடைக்கலாம், முக்காலும் அடைக்கலாம். தமிழில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

தம்பிக்கு: பேச்சில் நானும் 'கேட்'தான் சொல்கிறேன். எழுத்தில் பாருங்கள்: "டாமைக் கேட்டுக்கு அனுப்பி, கேட்டுப் பார்த்து, கேட்டைக் குறைத்து." ஒலியைப் பற்றிய கட்டுரையில் வரிக்கு வரி 'கேட்டு' வரும். இதில் எது காது, எது கருவி?

கசிவு, மட்டம், மடை என்று மூன்றும் ஒரே நீர்க் குடும்பத்துச் சொற்கள். ஒன்று தெரிந்தால் அடுத்ததை வாசகர் தானே ஊகித்துக்கொள்வார். உங்கள் மறுப்பை எழுதுங்கள்.

-----

கட்டுரை எழுதும் தம்பிக்கு,

வாயிலை விட்டுவிடுகிறேன். திறப்புக்கும் கதவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் மடையிலும் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மடையை ஆள் போய்த் திறக்க வேண்டும். நீர்மட்டம் ஏறினால் தானே வழிவது கலிங்கு. உங்கள் கருவியும் ஒலி ஒரு மட்டத்தைத் தாண்டினால் தானே விடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் கலிங்குதானே பொருத்தம்? இன்னொன்று, திருப்பிவிடுவது என்ற பொருளில் 'மடைமாற்றம்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. குழம்பாதா?

-----

ஐயா,

கலிங்கு என்ற சொல்லைப் பார்த்ததும் நான் தோற்றுவிட்டதாகவே நினைத்தேன். ராத்திரி ஸ்னேர் டிரம்மின் தடத்தைப் போட்டுக் கேட்டபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது. கலிங்கில் வழிவது மட்டத்துக்கு மேலே உள்ள மிகை நீர் மட்டும். கீழே உள்ளது ஏரியிலேயே நிற்கும். நம் கருவி திறந்தால் அடியிலிருந்து மேல்வரை மொத்தமும் போகிறது. அது மடையின் குணம். மிகையை மட்டும் கவனிப்பது லிமிட்டர். அது மிகையை வழியவிடாமல் அமுக்குகிறது என்பதால் கலிங்கு அதற்கும் ஒட்டாது.

மடைக்கு ஆள் வேண்டும் என்றீர்களே, அது எனக்கு உதவியே செய்தது. கருவிக்குள்ளும் ஓர் ஆள் இருக்கிறார். மடையைத் திறக்கச் சொல்லும் ஒலி வேறு, மடை வழியே போகும் ஒலி வேறாக இருக்கலாம். ஸ்னேரில் நான் அடிபட்டது இங்கேதான். மட்டத்தை உயர்த்தி வைத்ததால் பக்கத்துச் சிம்பலான ஹை-ஹேட் அடங்கியது, கூடவே டிரம்மர் மெல்லத் தட்டிய கோஸ்ட் நோட் எல்லாம் போய்விட்டது. அவர் கேட்டுவிட்டு, "என் இடது கை எங்கே போச்சு?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் குத்துகிறது. இப்போது ஸ்னேரின் ஒரு பிரதியில் 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை மட்டும் வடித்தெடுத்து, அதைக் கொண்டு மடையைத் திறக்கிறேன். ஹை-ஹேட் அந்தப் பகுதியில் கொஞ்சமும் வலுவில்லாதது. ஸ்னேரின் உடல் அங்கேதான் இருக்கிறது. மட்டத்தைத் தாழ்த்த முடிந்தது, இடது கையும் திரும்பிவிட்டது. டிரம்மின் விளிம்பில் அதிர்வு உணரியைப் பொருத்தி அதைத் தனித் தடமாகப் பதிந்தால் இன்னும் சுத்தம். இப்படி ஏவுகிற தடத்துக்கு 'ஏவுதடம்' என்று வைத்திருக்கிறேன்.

மட்டமும் ஒன்றல்ல, இரண்டு. திறக்கும் இடமும் அடையும் இடமும் ஒன்றாக இருந்தால், டாமின் கார்வை அந்த எல்லையில் ஊசலாடும்போது மடை படபடவென்று அடித்துக்கொள்ளும். திறப்பது −24 என்றால் அடைவது −30 டெசிபலில் இருக்கட்டும். 'திறமட்டம்', 'அடைமட்டம்'. ஒலி இறங்கியபின் மடை அடைய எடுக்கும் நேரமான ரிலீஸுக்கு 'வடிநேரம்'. மெட்டலில் உயிர்நாடி இதுதான். 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 தாளத் தட்டு) வேகத்தில், காலால் அடிக்கும் கிக் டிரம்மில் இரட்டை பெடலில் பதினாறாம் பங்கு அடிகள், அதாவது தட்டுக்கு நான்கு, ஓடினால், ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 75 மில்லிசெகண்ட். வடிநேரம் அதைத் தாண்டினால் கிக் மடை அந்தப் பகுதி முழுக்க அடையவே அடையாது. போட்டும் போடாத மாதிரிதான்.

மடைமாற்றத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் ஒரு தடத்தை வேறு வழியில் திருப்பி அனுப்புவதற்கு, அதாவது ரவுட்டிங்குக்கு, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தனியாக நின்றால் 'மடை' கருவி. 'மாற்றம்' சேர்ந்தால் வழி.

கட்டுரையில் வரி இப்படிப் போகிறது: "ஃப்ளோர் டாமின் மடைக்கு வடிநேரத்தை நீளமாக வையுங்கள், கார்வை முழுதாக வரட்டும், கிக்கின் மடையை விறுவிறுவென்று அடையவிடுங்கள்." 'மடைக்கு' என்பதா, 'மடையில்' என்பதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா.