312 விண்ணப்பம், 3 போன்: உங்களுக்கும் இப்படித்தானா?

போன வருடம் மே மாதம் ப்ராஜெக்ட் முடிந்து, வேறு வேலை கொடுக்காமல் பென்ச்சில் உட்கார வைத்தார்கள். ஜூலையில் ஹெச்ஆர் கூப்பிட்டு, "நீங்களே பேப்பர் போட்டுவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும்" என்றார். கம்பெனி பெயர் வேண்டாம். ஆறரை வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங், சென்னை ஓஎம்ஆர் பக்கம். எனக்குப் பெரிய பயமில்லை, ஏனென்றால் 2021-ல் நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் ப்ரொஃபைலைச் சும்மா தொட்டாலே அன்று மாலைக்குள் நாலு போன் வரும், எடுக்கச் சலித்துக்கொண்டு சைலண்டில் போட்டவன் நான்.

இந்த முறை ஒருவரும் கூப்பிடவில்லை. காலையில் காபியோடு கொஞ்சம், ராத்திரி படுக்கும் முன் கொஞ்சம் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் அப்ளை செய்து எக்செல்லில் குறித்து வைத்தேன், இரண்டு மாதத்தில் 312 வரி. வந்த போன் 3. ஒன்று இன்சூரன்ஸ் விற்கிற வேலை, ஒன்று "பயிற்சிக்கு 25,000 கட்டினால் ஆஃபர் லெட்டர் உறுதி" என்ற ரகம், மூன்றாவது உண்மையான போன்தான், ஆனால் பெங்களூரு, இரவு ஷிஃப்ட். லிங்க்ட்இன்னில் போட்டோவைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் அந்தப் பச்சை வளையத்தையும் போட்டேன். சித்தப்பாதான் முதலில் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை மகள் வீட்டுக்கு வந்தாள். கிண்டியில் ஒரு கன்சல்டன்சியில் ஆள் எடுப்பதுதான் அவள் வேலை. சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்து, "மாமா, நீங்கள் அனுப்புவதை யார் படிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் தேடத்தான் செய்கிறோம்" என்றாள். நௌக்ரி தன் ரெஸ்யூமே கிடங்கைக் கம்பெனிகளுக்குக் காசுக்குத் திறந்து விடுகிறது, ரெஸ்டெக்ஸ் என்று பெயர். அதில் செலினியம் (சாஃப்ட்வேரைத் தானாக டெஸ்ட் செய்யும் கருவி), ஜாவா, ஏபிஐ டெஸ்டிங், சென்னை, 5 முதல் 8 வருடம் என்று அடித்தாள், ஆயிரத்துக்கு மேல் வந்தது. நோட்டீஸ் பீரியட், அதாவது பேப்பர் போட்ட பிறகு பழைய இடத்தில் இருக்க வேண்டிய காலம், 15 நாளுக்குள், சமீபத்தில் உள்ளே வந்தவர்கள் என்று இரண்டு சல்லடை போட்டதும் நூறுக்குக் கீழே வந்துவிட்டது. அதில் முதல் 20 பேரைத் திறப்பாளாம், மாலைக்குள் ஆள் கேட்ட கம்பெனிக்கு எட்டுப் பேரை அனுப்பியாக வேண்டும். நான் அந்த நூறிலேயே இல்லை.

ஏன் இல்லை என்று பார்த்தால் அவமானமாக இருந்தது. நோட்டீஸ் பீரியட் கட்டத்தில் 2021-ல் போட்ட "3 மாதம்" அப்படியே கிடக்கிறது, நானோ வேலையை விட்டே ஐந்து வாரம் ஆகிவிட்டது. தலைப்பில் "சீனியர் அசோசியேட்". அது எங்கள் கம்பெனிக்குள் வைத்துக்கொண்ட பட்டம், வெளியில் யாரும் அப்படித் தேட மாட்டார்கள். ஆறு வருடம் செலினியத்தில் குப்பை கொட்டியவன், ரெஸ்யூமேயில் "ஆட்டோமேஷன் கருவிகளில் தேர்ச்சி" என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். போதாக்குறைக்குப் பக்கத்தை இடது வலதாகப் பிரித்த இரண்டு பத்தி, குட்டிக் குட்டிப் படம் போட்ட டெம்ப்ளேட். அதை அப்படியே காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொன்னாள். இடது பத்தி வலது பத்திக்குள் புகுந்து கூழாகிவிட்டது, போன் நம்பரையே காணோம். உங்கள் ரெஸ்யூமேயை இன்றைக்கே அப்படி ஒட்டிப் பாருங்கள்.

நம் ஊர் இனிஷியல் தொல்லை தனி. கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் இடங்களில் ஒன்றில் புள்ளி வைத்தேன், ஒன்றில் அப்பா பெயர், ஒன்றில் என் பெயரையே இரண்டு தடவை. பிறகு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பான் கார்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்று 10 நாள் இழுத்தார்கள்.

திருத்திய பிறகு இரண்டு வாரத்தில் 9 போன். உடனே வேலை என்று நினைக்காதீர்கள். "கரண்ட் சிடிசி (இப்போதைய வருடச் சம்பளம்) என்ன, கையில் வேலை இல்லையா" என்ற கேள்வியிலேயே பாதி செத்துவிட்டது. கடைசியில் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு இடத்தில் சேர்ந்தேன். உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

*

நான் கோவை, குவாலிட்டி இன்ஸ்பெக்டர், டிப்ளமோ மெக்கானிக்கல். எங்கள் பக்கம் ஐடி மாதிரி இல்லை அண்ணா. பாதி வேலை கேட்டில் தொங்கும் போர்டிலும் வாட்ஸப் குரூப்பிலும்தான் வரும். ஒரு கன்சல்டன்சி முதல் மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சேர்த்துவிட்டது, போய்ப் பார்த்தால் எழுதியிருந்த வேலை இல்லை, லோடு இறக்கச் சொன்னார்கள், 11 நாளில் வந்துவிட்டேன். பிறகு எனக்கு வேலை கிடைத்தது எப்படித் தெரியுமா? அப்போது நான் இருந்த பட்டறைக்கு ஆடிட்டுக்கு வந்த கஸ்டமர் கம்பெனி ஆள், நான் டிராயிங்கைப் பார்த்து டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்) சொன்னதைக் கவனித்துவிட்டு, "சிஎம்எம் ஓட்டத் தெரியுமா தம்பி" என்று கேட்டார். பாகங்களை அளவெடுக்கும் மெஷின் அது, தெரியும் என்றேன். மூன்று மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போன். ரெஸ்யூமே கேட்டார்கள்தான், சேர்ந்த பிறகு ஃபைலில் வைக்க.

*

நான்கு வருட இடைவெளி எனக்கு, குழந்தை, அப்புறம் மாமியாருக்கு ஆபரேஷன். யாரோ சொன்னார்களே என்று பழைய கம்பெனியின் கடைசித் தேதியை நீட்டிப் போட்டேன். இன்டர்வியூ எல்லாம் தாண்டி, பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டபோது மாட்டிக்கொண்டேன். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அப்படியே நிற்கிறது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். லிங்க்ட்இன்னில் 2022 முதல் கேரியர் பிரேக் என்றே ஒரு பகுதி இருக்கிறது, அதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் "ஆபீஸ் வந்தால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்று கேட்டார்கள், என் கணவரிடம் இந்தக் கேள்வியை எந்த ஹெச்ஆரும் கேட்டதில்லை. மூன்றாவது ஆள் கேட்கவில்லை, அங்கேதான் சேர்ந்தேன்.

*

எல்லோரும் ஆள் எடுப்பவர்களைத் திட்டுகிறீர்கள், அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி பேசுகிறேன். பதில் சொல்லாமல் விடுவது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். பல நேரம் எங்களுக்கே பதில் வராது, வேலை "ஹோல்டு" என்பார்கள், அது செத்துவிட்டதா உயிரோடு இருக்கிறதா என்று மேலே கேட்டால் மேலேயும் தெரியாது. ஆனால் ஆஃபரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் காட்டி இன்னொரு இடத்தில் சம்பளம் அதிகமாகக் கேட்டு, சேர வேண்டிய திங்கட்கிழமை காலையில் போனை அணைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் கடைசி வேலை நாள் எது, மெயில் காட்டு என்று துருவுகிறோம். இன்னொன்று, யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் ட்ரூகாலரில் எங்கள் நம்பர் தொல்லை அழைப்பு என்று சிவப்பாகத்தான் காட்டும், ஒரு நாளைக்கு அத்தனை பேருக்கு அடிக்கிறோம். வேலை தேடும் காலத்தில் மட்டுமாவது சிவப்பு போனையும் எடுங்கள்.

*

முதல் பதிவு போட்டவன்தான். சிவப்பு போன் விஷயம் சுள்ளென்றது, நானே எத்தனை வெட்டினேனோ. அந்த எக்செல்லை இன்னும் அழிக்கவில்லை. நேற்று 47-ஆவது வரியில் இருக்கும் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது, அப்ளை செய்து 14 மாதம் கழித்து: "உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்."